சகலை வீட்டுத் திருஷ்டி பொம்மை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில், ஓடாமல் கிடந்த ஒரு ரைஸ் மில்லுக்கு வெள்ளையடித்துத் தென்னாற்காடு சமகாலக் கலைப் பேராயம் என்று பலகை மாட்டியபோது சுற்று வட்டாரத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நெல் அவிக்கிற வாசனை இருந்த இடத்தில் ரூம் ஸ்ப்ரே வாசனை வந்தது. வேறு மாற்றம் தெரியவில்லை.

பேராயத்தின் முதல் கண்காட்சிக்கு 'பதற்றம்: வீட்டிலும் நாட்டிலும்' என்று பெயர். இந்த மாவட்டத்து மக்களிடம் பதற்றம் ஏராளமாக இருக்கிறது, அதன் மதிப்புதான் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது பேராயத்தின் கருத்து. விளைச்சல் இருக்கிறது, கொள்முதல் நிலையம் இல்லை என்று அதன் தலைவர் கிருஷ்ணசாமி ஒரு பேட்டியில் சொன்னார். கிருஷ்ணசாமி அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று அவர் சொல்வதில்லை. துறையும் சொல்வதில்லை.

கொள்முதல் வேலை க்யூரேட்டர் அஸ்வினியுடையது. சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தவர் கைபேசி காட்டிய வழியை நம்பித் திண்டிவனத்தின் ஓரத்தில் ஒரு மனைப்பிரிவுக்குள் நுழைந்துவிட்டார். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரே மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்த மனை அது. மூத்தவள் காந்திமதியின் கணவர் விருத்தாசலம் விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். இளையவள் அருணாவின் கணவர் செல்வகுமார் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். அக்காளும் தங்கையும் ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடிபோவதென்று பேசி வைத்திருந்தார்கள். காந்திமதி குடியிருந்த வாடகை வீட்டுக்கு, ஆவணி கடைசியில் வருவதற்கு வேறு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று.

செல்வகுமார் வீட்டின் முகப்பில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. வைக்கோல் உடம்பு, கவிழ்த்த மண்பானைத் தலை, சுண்ணாம்பில் பல்லும் மீசையும். நீலக் கட்டம் போட்ட சட்டை. விருத்தாசலம் வீட்டில் பூசணிக்காய் மட்டும்தான் கட்டியிருந்தது.

அஸ்வினி காரை நிறுத்தி இறங்கினார்.

"இது யாரு பண்ணது?"

"நாங்கதாங்க. மேஸ்திரி மூஞ்சி எழுதனாரு" என்றார் செல்வகுமார்.

"எதுக்காக இங்க தொங்க விட்டிருக்கீங்க?"

"வூடு கட்றமில்லிங்களா. ஊர் கண்ணு பட்டுடக் கூடாதுன்னுதான்."

அஸ்வினி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று கைபேசியை நீட்டினார். செல்வகுமார் இன்னொரு வாட்டி சொன்னார். மூன்றாவது முறை, கேட்காமலே சொன்னார்.

விருத்தாசலம் தன் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அஸ்வினி அவருடைய பூசணிக்காயையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு காரில் ஏறிவிட்டார். மறுநாள் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் வந்து, பொம்மையைப் பஞ்சு மெத்தையில் படுக்க வைத்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே செல்வகுமார் வேறு பொம்மை கட்டித் தொங்கவிட்டார். வைக்கோலுக்கு அந்தப் பக்கம் பஞ்சமில்லை.

திறப்பு விழாவுக்குச் சகலை என்ற முறையில் விருத்தாசலத்துக்கும் அழைப்பு வந்தது. காந்திமதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். மில்லுக்குள் ஏசி போட்டிருந்தார்கள். நெல் கொட்டி வைத்த கூடத்தின் நடுவில், மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் பொம்மை தொங்கியது. பக்கத்தில் ஓர் அட்டை. 'பெயரற்ற அச்சம். வைக்கோல், மண்பானை, சுண்ணாம்பு, பழைய சட்டை. கலைஞர்: செல்வகுமார். சட்டைப் பையிலுள்ள கருகிய துளையின் வழியே நடுத்தர வர்க்கத்தின் இதயம் வெளியேறிவிட்டதை நாம் உணர்கிறோம்.'

காந்திமதி அட்டையைப் படித்தாள். பிறகு துளையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது உங்க சட்ட."

"தெரிது."

"சால்டரிங் ராடு பட்டு ஓட்ட ஆவுலியா. தொடைக்க ஆவும்னு வச்சிருந்தேன். அருணா பொம்மைக்கு வேணும்னு கேட்டா, குடுத்துட்டேன்."

"தெரிதுன்றேன் இல்ல."

தலைவர் கிருஷ்ணசாமி பேசினார். "நான் முப்பது வருஷம் அரசுப் பணியிலே இருந்தவன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வாங்க என்று சொல்வேன். அந்த முகத்திலே ஒரு மாற்றம் வரும் பாருங்கள். அடுத்த வாரமும் அதையே சொல்வேன். மாற்றம் இன்னும் ஆழமாகும். அந்த நாளிலே அது கலை என்று எனக்குத் தெரியாது. கடமை என்று நினைத்துச் செய்துகொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தால் எத்தனை படைப்புகளைப் பாதுகாக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று வருத்தமாக இருக்கிறது." கூட்டம் கைதட்டியது. செல்வகுமாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விருத்தாசலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவரிடம் போனார்.

"ஐயா, பொம்ம போட்டுக்கினு இருக்கற சட்ட என்னுதுங்க."

"ரொம்ப மகிழ்ச்சி. ஒவ்வொரு கலைக்கும் பின்னாடி இப்படி நாலு பேர் இருக்காங்க" என்றார் கிருஷ்ணசாமி. "அவங்க பின்னாடியே இருக்கறதுதான் அழகு."

விருத்தாசலம் பின்னால் போனார். பின்பக்கத்தில் இன்னோர் அறை இருந்தது. 'நாட்டுப் பதற்றம்' என்று எழுதி, கதவில் பூட்டுப் போட்டிருந்தது. பூட்டுக்கு மேலே ஓர் அறிவிப்பு: 'பார்வையாளர்களுக்குப் பதற்றம் ஏற்படக்கூடும் என்பதால் இந்த அறை மூடப்பட்டுள்ளது.' கதவுக்கு முன்னால் ஓர் இளம்பெண் சுவரில் சாய்ந்துகொண்டு சமோசா தின்றுகொண்டிருந்தாள். கோட்டக்குப்பத்து ஹுமைரா. உள்ளே இருப்பது அவளுடைய படைப்பு.

"இன்னாம்மா இருக்குது உள்ள?"

"ஒரு கதவு, ஒரு காலிங் பெல்லு, அவ்ளோதான் அண்ணா. பெல்ல அழுத்துனா உள்ளேர்ந்து எங்கம்மா குரலு வரும். 'கொஞ்சம் நில்லுங்க, பேப்பரெல்லாம் எடுத்தாறேன், இங்கதான் வச்சேன்'னு. யாரு வந்துருக்கான்னு கேக்கவே மாட்டாங்க. பீரோ தெறக்கற சத்தம் கேக்கும். தேடிக்கினே இருப்பாங்க."

"கெடைக்குமா?"

"கெடைக்காது. காத்தால இன்ஸ்பெக்டரு வந்து அழுத்தனாரு. அவருக்கு வேர்த்துடுச்சி. பூட்டிட்டாங்க." அவள் கூடத்தின் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் செஞ்சேன். வைக்கோலுக்கு ஏசி, எனக்குப் பூட்டு. வயிறு எரியுது அண்ணா. பொய் சொல்லக் கூடாதில்ல."

"அந்த சட்ட என்னுதும்மா."

ஹுமைரா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காகிதத்தில் மிச்சமிருந்த ஒரு சமோசாவை நீட்டினாள்.

அதற்குப் பிறகு செல்வகுமார் வேறு ஆளாகிவிட்டார். விசிட்டிங் கார்டில் காப்பீட்டு முகவர் என்பதற்குக் கீழே 'பதற்றக் கலைஞர்' என்று சேர்த்து அச்சடித்தார். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள். முன்பெல்லாம் பாலிசி எடுக்கச் சொல்லி ஆட்களின் பின்னால் அலைந்தவர், இப்போது எதிரில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பெருமூச்சு விடுவார். ஆட்கள் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

"முன்ன மாதிரி இல்ல சகல" என்று ஒருநாள் வந்து சொன்னார். "எப்பப் பாத்தாலும் ஒரே பதட்டமா இருக்குது. ஆர்ட்டிஸ்டுன்னா அப்டிதானாம். அஸ்வினி மேடம் சொன்னாங்க."

விருத்தாசலத்துக்கு அன்று காயில் கட்டும்போது கவனம் தப்பியது. கெடாரிலிருந்து வந்திருந்த ஒருவரின் மோட்டாரைச் சரிசெய்து அனுப்பினார். அது கிணற்றில் பின்பக்கமாகச் சுற்றியது. அந்த ஆள் திரும்பி வந்து திட்டிவிட்டுப் போனார். இருபது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. இரவில் கண்ணை மூடினால் மேலிருந்து விழும் வெளிச்சமும் நீலக் கட்டமும் தெரிந்தன. துளை என்னுடையது, இதயம் அவனுடையதா என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் கடைத்தெருவுக்குப் போனார். பூதமுகம் ஏழு வாங்கினார். கண்ணாடி, படிகாரம், குதிரை லாடம், சங்கு, என்னைப் பார் யோகம் வரும் என்று எழுதிய கழுதைப் படம், வேரோடு பிடுங்கிய கற்றாழை எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். முகப்பில் ஆணி அடிக்க இடமில்லாமல் பக்கவாட்டுச் சுவரிலும் மாட்டினார். கடைசியாகப் பொம்மை கட்டும்போது காந்திமதியைக் கூப்பிட்டார்.

"அருணாகிட்ட அவரோட பழைய சட்ட ஒன்னு வாங்கியா."

"அவரு சட்ட இன்னாத்துக்கு? நம்பளுதே கெடக்குது."

"கேட்டத வாங்கியா."

செல்வகுமாரின் மஞ்சள் சட்டை வந்தது. பொம்மைக்குப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை இறுக்கிப் போட்டார்.

ஊரில் திருஷ்டி கழிவதற்காகத்தான் இதையெல்லாம் மாட்டுவார்கள். திருஷ்டி படவேண்டும் என்று மாட்டிய முதல் ஆள் விருத்தாசலமாகத்தான் இருப்பார். அந்தப் பக்கம் வந்த மினி பஸ் வேகம் குறைத்துப் போயிற்று. பூச்சு வேலைக்கு வந்த மேஸ்திரி, சாரம் கட்ட இடமில்லை, ஏழு பேர் முறைக்கிற இடத்தில் வேலை பார்க்கக் கையும் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆவணிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் பேராயத்துக்கு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் பேராயத்திலிருந்து அலெக்ஸ் வந்தார். அவர் பதற்ற மதிப்பீட்டாளர். மெதுவாகப் பேசுபவர். ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"ராத்திரி தூக்கம் வருதுங்களா?"

"வரலீங்க."

"நல்லது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதா?"

"அடிச்சிக்கிது சார்."

"ரொம்ப நல்லது. எதை நெனச்சா?"

"சகல செல்வகுமார நெனச்சா."

அலெக்ஸ் எழுதுவதை நிறுத்தினார். "நாட்டு நெலமை, மழை தண்ணி, பிள்ளைங்க எதிர்காலம், இந்த மாதிரி எதுவும் இல்லையா?"

"அதெல்லாம் இருக்குது சார். அத நெனச்சிக்கினே இருந்தா தூக்கம் வந்துடும்."

"சார், நீங்க சொல்றது பதற்றம் இல்ல. பொறாமை."

"ஆமாங்க" என்றார் விருத்தாசலம். அதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

"பொறாமை எங்க வரம்புல வராது. அடுத்த கண்காட்சிக்குன்னு அதைத் தனியா வச்சிருக்கோம். இப்பவே எடுத்துட்டா அப்போ எங்களுக்கு ஒண்ணும் இருக்காது." அலெக்ஸ் எழுந்து பேண்டில் ஒட்டிய சிமெண்டைத் தட்டினார். சுவரிலிருந்த பூதமுகங்களைப் பார்த்து, "இதெல்லாம் கூட அவரைப் பார்த்துப் பண்ண மாதிரிதான் இருக்கு" என்றார். பிறகு வாசலைத் தாண்டும்போது பேச்சுவாக்கில், "வீடு எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"ஆவணில பால் காச்சணும்."

"முடிஞ்சிடுமா?"

விருத்தாசலம் பூசாத சுவரைப் பார்த்தார். கதவு வைக்காத நிலையைப் பார்த்தார். மேஸ்திரி போனது நினைவுக்கு வந்தது, வாடகை வீட்டைப் பார்த்துவிட்டுப் போன ஆளும் நினைவுக்கு வந்தார். "தெரியலீங்களே" என்றபோது குரல் நடுங்கிவிட்டது.

அலெக்ஸ் திரும்பி வந்து மறுபடி சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "இதை இல்ல மொதல்ல சொல்லணும்" என்றார்.

இப்படியாக விருத்தாசலத்தின் வீடு பேராயத்தின் சேகரிப்புக்குத் தேர்வாயிற்று. படைப்பின் பெயர் 'முடியாத வீடு'. நிபந்தனை ஒன்றே ஒன்று. வீடு முடியக் கூடாது. பூச்சு, தரை, பெயிண்ட் எதுவும் கூடாது, யாரும் குடியேறக் கூடாது. வீடு முடிந்தால் பதற்றம் முடிந்துவிடும், பதற்றம் முடிந்தால் கலை முடிந்துவிடும் என்று அலெக்ஸ் விளக்கினார். விருத்தாசலம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"செல்வகுமாரோடது எத்தினி அடி?"

"பொம்மை ஆறடி இருக்கும்."

"என்னுது?"

"ஆயிரத்து இருநூறு சதுர அடி."

விருத்தாசலம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நிலைக்குக் கதவே இன்னும் வரவில்லை. முன்பக்கத் தகரப் படலுக்குப் போட்ட பூட்டின் சாவி அது. பேராயத்துக்கு அது போதும்.

சாவி வாங்கும் விழா வீட்டு வாசலிலேயே நடந்தது. கிருஷ்ணசாமி பேசினார். "நம் மாவட்டத்திலே பாதியில் நிற்கிற பாலங்கள் இருக்கின்றன, தூண் மட்டும் நிற்கிற தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. இதுநாள் வரை அதையெல்லாம் குறை என்று பேசிக்கொண்டிருந்தோம். என் காலத்திலேயே நான் நாலைந்து தொடங்கி வைத்திருக்கிறேன். பாராட்டத்தான் ஆளில்லை." செல்வகுமார் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கை தட்டிக்கொண்டிருந்தது. முகம் தட்டவில்லை. அதைப் பார்த்த விருத்தாசலத்துக்கு வெகுநாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

காந்திமதிக்கு நிபந்தனை அங்கே வைத்துத்தான் தெரிந்தது. அவள் அஸ்வினியிடம் போனாள்.

"குடி வரலன்னா கூட பரவால்ல. எந்தங்கச்சியோட அன்னிக்கு ஒரு படி பால் காச்சிட்டுப் போயிடறேன். அதுக்கு மட்டும் வுடுவீங்கல்ல?"

"பால் பொங்கினா சந்தோஷம் வந்துடும் மேடம்" என்றார் அஸ்வினி வருத்தத்தோடு. "சந்தோஷம் வந்துட்டா ஒர்க் கெட்டுடும்."

 திரும்பி வந்து வாடகை வீட்டுப் படியேறும்போது காந்திமதி கேட்டாள். "உங்களுக்கு வூடு வேணுமா, வூட்டப் பாக்க ஆளு வேணுமா?"

 இரண்டாவதுதான் என்பது விருத்தாசலத்துக்குத் தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

வீட்டைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். வாசலில் மேஜை போட்டு டிக்கெட் கொடுக்க ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். புதுச்சேரி பக்கமிருந்து கார்களில் ஆட்கள் வந்து, பூசாத சுவருக்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருத்தாசலம் எதிர்ச்சாரியில் நின்று ஒரு வாரம் இதை ரசித்தார். எட்டாவது நாள் வாடகை வீட்டுக்காரர் வந்து, புது ஆட்கள் சாமான் இறக்கும் தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். விருத்தாசலம் நேரே கூட்டேரிப்பட்டுக்குப் போனார்.

"சார், சாவியக் குடுத்துடுங்க. வூட்டுல பேஜாரா இருக்குது."

அலெக்ஸ் அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். "பதற்றம் நல்லா கூடியிருக்கு. ஒர்க் வளருது."

"ஒர்க்கு இல்ல சார். இடம் இல்லாம நடுத்தெருவுல நிக்கப் போறேன்."

"அதை அப்படியே வச்சுக்கங்க."

விருத்தாசலம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அலுவலகத்தில் சத்தம் போட்டார். என் வூட்டு சாவியக் குடுங்கய்யா என்று அவர் கத்தியது வெளியே ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. அஸ்வினி ஓடி வந்து, இன்னொரு வாட்டி சொல்லுங்க என்று கைபேசியை நீட்டினார். கோபத்தில் இன்னொரு வாட்டியும் கத்தினார்.

மறுநாள் முடியாத வீட்டுக்குள் ஒலிபெருக்கி வைத்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பூசாத சுவர்களுக்குள்ளிருந்து விருத்தாசலத்தின் குரல் கிளம்பித் தெருமுனை வரை போயிற்று. என் வூட்டு சாவியக் குடுங்கய்யா. செல்வகுமார் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். "ஒனக்கு சவுண்டு வேற வச்சிட்டாங்களே சகல" என்றார். அவர் பொம்மைக்குச் சத்தம் கிடையாது.

ஆவணி முகூர்த்தம் வந்தது. செல்வகுமார் வீட்டில் வாழைமரம், சாமியானா, கன்றோடு பசுமாடு எல்லாம் தயாராக இருந்தன. இரண்டாவதாகக் கட்டிய பொம்மையை விடியற்காலையிலேயே முச்சந்தியில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். கிருஷ்ணசாமியும் அஸ்வினியும் அலெக்ஸும் செல்வகுமாரின் விருந்தாளிகளாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினால் பக்கத்து வீட்டுச் சுவர் சாவி கேட்டது. அவர் இரண்டு முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை அதையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கென்று பக்கத்தில் டிக்கெட் கூட்டம் அதிகம். இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள்.

"அக்கா, மொத பால நீ ஊத்து" என்றாள் அருணா.

காந்திமதி தங்கையின் பானையில் பாலை ஊற்றினாள். பொங்கியது. அருணாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு தான் கூடையில் கொண்டு வந்திருந்த இன்னொரு எவர்சில்வர் பானையையும் பால் தூக்கையும் எடுத்துக்கொண்டு, சாமியானாவை விட்டு வெளியே வந்து, மஞ்சள் கயிற்றைத் தூக்கினாள்.

"மேடம், டிக்கெட்டு?" என்றாள் மேஜையிலிருந்த பெண்.

"வூட்டுக்காரம்மா."

அந்தப் பெண் மேஜையில் ஒட்டியிருந்த கட்டண அட்டையைப் பார்த்தாள். "அந்த கேட்டகிரி இல்லியே மேடம்."

காந்திமதி அதற்குள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கூடத்தின் நடுவில் கிடந்த செங்கல்லில் மூன்றை எடுத்து அடுப்பாக வைத்தாள். மேஸ்திரி விட்டுப் போன சாரப்பலகைத் துண்டுகளைச் செருகினாள். கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டுப் பானையை ஏற்றினாள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மூச்சு விடாமல் சுவரோரம் ஒதுங்கினார்கள். சிலர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

கிருஷ்ணசாமியும் அஸ்வினியும் கயிற்றண்டை ஓடி வந்தார்கள்.

"நிறுத்துங்கம்மா அதை" என்றார் கிருஷ்ணசாமி.

"நிறுத்தினா தணிக்கை பண்ணதா ஆயிடும் சார்" என்றார் அஸ்வினி.

"அப்ப அனுமதிச்சிடலாமா?"

"அனுமதிச்சா நிபந்தனையை நாமே மீறினதா ஆயிடும்."

"அப்ப?"

"நிக்கலாம் சார்."

நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், கயிற்றுக்கு வெளியே, விருத்தாசலமும் நின்றுகொண்டிருந்தார். சுவர் மறுபடி சாவி கேட்டது. உள்ளேயிருந்து காந்திமதி திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அங்க நின்னுக்கினு இன்னாத்துக்குக் கத்தறீங்க? உள்ள வாங்க."

"கத்தறது நான் இல்லடி."

"யாரா இருந்தா இன்னா. பால் பொங்கப் போவுது, ஜல்தி வாங்க."

விருத்தாசலம் குனிந்து கயிற்றைத் தாண்டினார். டிக்கெட் வாங்கியவர்கள் வழிவிட்டார்கள். அவர் போய் அடுப்புக்கு முன்னால் குந்தியதும் பால் நுரைத்து எழுந்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. யாரோ கைதட்டினார்கள். வேனில் வந்த ஓர் அம்மாள், எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். சாமியானாவிலிருந்து அருணா டம்ளர்களை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பின்னால் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஐயர் வந்தார். கடைசியில் மாடும் கன்றும் வந்தன. கூட்டம் சிரிப்பும் பேச்சுமாக இருந்ததில், அடுத்த முறை சுவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அலெக்ஸ் உள்ளே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். காந்திமதியைப் பார்த்தார். விருத்தாசலத்தின் கண்ணை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். வெளியே போய்த் தலைவரிடம் சொன்னார்.

"சார், இங்க இப்ப ஒண்ணும் இல்ல. வெறும் வீடுதான்."

பேராயம் தாமதிக்கவில்லை. அந்த இடத்திலேயே கிருஷ்ணசாமி, கலைத்தரம் குறைந்துவிட்டதால் இந்தப் படைப்பு சேகரிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று அறிவித்தார். சாவியை மேஜையின் மேல் வைத்தார்கள். ஒலிபெருக்கியைக் கழற்றினார்கள். கயிற்றைச் சுற்றிக்கொண்டே போன அலெக்ஸ், ஏதோ தோன்றியவர் போலத் தலையைத் தூக்கினார்.

பக்கத்து வீட்டு வாசலில், காலி நாற்காலிகளுக்கு நடுவில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு செல்வகுமார் தனியாக நின்றிருந்தார். புது வீட்டின் சாவி கையில் இருந்தது. விருந்தாளிகள் எல்லோரும், மாடு உட்பட, சகலை வீட்டில் இருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்த அலெக்ஸ் கயிற்றோடு அந்தப் பக்கம் நடந்தார்.

"சார், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. மனசுல இப்ப என்ன ஓடுது?"

"இதுக்கு மேல எதுவும் நடக்காதோன்னு ஒரு பயமா இருக்குது சார்" என்றார் செல்வகுமார்.

அலெக்ஸ் அஸ்வினியைக் கைகாட்டி அழைத்தார். அருணா தன் அக்கா வீட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டி முடித்தார்கள். அவள் டம்ளரோடு வெளியே வந்து பார்த்தபோது செல்வகுமார் சாவியை நீட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தார்.

"அக்கா" என்றாள் அருணா.

"நீ பயப்படாதடி" என்றாள் காந்திமதி. "பானைய நான் கழுவி வைக்கறேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? பொம்மய எறக்கி முச்சந்தில கொளுத்திட்டு வாங்க. ஊர் கண்ணு பூரா இங்கதான் இருக்குது."

விருத்தாசலம் பொம்மையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். செல்வகுமார் வீட்டைக் கடக்கும்போது நடை தானாகக் குறைந்தது. பூசி, வண்ணம் அடித்து, கிரானைட் போட்ட வீடு. அதற்கு இரண்டு சுற்றுக் கயிறு கட்டியிருந்தார்கள். தன் வீட்டுக்கு ஒரு சுற்றுதான் கட்டினார்கள் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

முச்சந்தியில் பொம்மையை நிற்க வைத்துத் தீக்குச்சியை உரசினார். அணைத்துவிட்டார். குனிந்து, கழுத்துப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, மஞ்சள் சட்டையைக் கழற்றி உதறினார். பிறகு வைக்கோலைக் கொளுத்தினார். பானைத் தலை வெடிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

காந்திமதி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "அந்த சட்டைய இன்னாத்துக்கு மடிச்சிக்கினு வர்றீங்க?"

"இருக்கட்டும்" என்றார் விருத்தாசலம். "அடுத்த தபா பொறாமையாம்."